தரைக்கு அடியில ஒரு கிலோமீட்டர் தாண்டி கழிவையோ கார்பனையோ அனுப்பணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கணும்

கீழ காலியா இடம் கெடக்கு, அதுல ஊத்தி மூடிடலாம்னு நெனச்சுட்டு தான் முக்கால்வாசி பேரு இந்த விஷயத்துக்குள்ள வர்றாங்க. முதல்ல அத மறந்துடுங்க. ஒரு கிலோமீட்டர் ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துல காலி இடம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அங்க இருக்கறது மணல்கல் மாதிரி ஒரு பாறை, அதுல பொடிப்பொடியா துளை, அந்த துளை எல்லாத்துலயும் ஏற்கனவே உப்புத்தண்ணி நெறஞ்சு இருக்கு. நீங்க மேல இருந்து ஒரு லிட்டர் தள்ளுனா, அங்க இருக்கற தண்ணி ஒண்ணு நகரணும், இல்லன்னா நசுங்கணும், வேற வழியே இல்ல. தண்ணி லேசுல நசுங்காது. சும்மா ஒரு கணக்கு சொல்றேன்: நாலா பக்கமும் அடைஞ்ச பாறைல 1000 லிட்டர் உப்புத்தண்ணி இருக்குன்னு வச்சுக்கோங்க, அதுல அழுத்தத்த 10 பார் (ஒரு பார்ங்கறது சுமாரா நம்மள சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம்) ஏத்துனீங்கன்னா கூடுதலா உள்ள புடிக்கறது சுமாரா ஒரே ஒரு லிட்டர். அவ்ளோதான்.

இந்த ஒரு கணக்கு மண்டைல ஏறிடுச்சுன்னா மிச்சம் எல்லாம் புரிஞ்சிடும். துளை போடுறத ரிக் காரங்க, அதாவது துளை போடற மெஷின் வச்சிருக்கறவங்க, பாத்துக்குவாங்க, உங்க வேலை அழுத்தம் எங்க போகுது, எவ்ளோ தூரம் போகுது, போற வழியில எத தொடுதுன்னு பாக்கறது.

தள்ளுற சரக்கு ரெண்டு வகை. ஒண்ணு திரவக் கழிவு, அதாவது கெமிக்கல் ஃபேக்டரி கழிவுநீர், எண்ணெய் கிணத்துல எண்ணெயோட சேந்து மேல வர்ற உப்புத்தண்ணி, சுத்திகரிச்ச சாக்கடைத் தண்ணி இந்த மாதிரி. இன்னொன்னு கார்பன் டை ஆக்சைடு, இனிமே சிஓடூன்னே சொல்றேன். கிணறு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஆனா உள்ள போனப்புறம் ரெண்டும் நடந்துக்கற விதம் வேற வேற.

விதிமுறைய பத்தி ஒரு வார்த்தை. அமெரிக்காவுல 1974ல வந்த குடிநீர் பாதுகாப்பு சட்டத்துக்கு கீழ இன்ஜெக்ஷன் கிணறுகள, அதாவது உள்ள தள்ளுறதுக்குன்னே போடற கிணறுகள, ஆறு கிளாஸா பிரிச்சு வச்சிருக்காங்க, தொழிற்சாலைக் கழிவுக்கு ஒண்ணாம் கிளாஸ், எண்ணெய் வயல் தண்ணிக்கு ரெண்டாம் கிளாஸ், சிஓடூவுக்கு 2010ல புதுசா ஆறாம் கிளாஸ். நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் சரி, முதல்ல உங்க நாட்டு விதிய பாருங்க, அது மெல்லிசா இருந்தா இந்த ஆறாம் கிளாஸ் விதிய எடுத்து ஒரு செக்லிஸ்ட் மாதிரி பக்கத்துல வச்சுக்கோங்க. படிக்க போரா இருக்கும், ஆனா அதுல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி எங்கயோ யாரோ சூடு பட்டிருக்காங்க.

எந்த அடுக்கு எடுக்கறது

நாலு விஷயம் ஒரே இடத்துல சேந்து இருக்கணும். துளை நெறைய இருக்கற, தண்ணி ஓடக்கூடிய ஒரு தடிமனான அடுக்கு. அதுக்கு மேல எதையும் விடாத மூடி பாறை, களிப்பாறையோ உப்போ. ரெண்டுக்கும் ரொம்ப மேல குடிநீர் அடுக்கு. அப்புறம் எல்லாரும் மறக்கற நாலாவது, அந்த அடுக்குக்கு கீழ என்ன இருக்கு.

குடிநீர்னா எதுன்னு ஒரு குழப்பம் வரும். அமெரிக்க விதில ஒரு லிட்டர்ல கரைஞ்ச உப்பு 10,000 மில்லிகிராமுக்கு கம்மியா இருந்தா அத வருங்கால குடிநீரா எண்ணி காப்பாத்தணும். இன்னைக்கு வாயில வைக்க முடியாத தண்ணி கூட அதுக்குள்ள அடங்கும், பின்னாடி ஒரு காலத்துல சுத்திகரிச்சு குடிக்க வேண்டி வரலாம்ங்கற கணக்கு. நல்ல கணக்கு தான் என்ன கேட்டா.

சிஓடூவுக்கு ஆழம் தனியா பாக்கணும். 31 டிகிரி வெப்பமும் 74 பார் அழுத்தமும் தாண்டுனா அது வாயுவும் இல்லாம திரவமும் இல்லாம ஒரு நடுநிலைக்கு போயிடும், திரவம் மாதிரி கனமாவும் இருக்கும், வாயு மாதிரி ஈஸியாவும் ஓடும். பொதுவா 800 மீட்டருக்கு கீழ போனா இந்த நெலம வந்துடும். மேல ஒரு டன் சிஓடூ 500 கன மீட்டருக்கு மேல இடம் அடைக்கும், அதே டன் அங்க ஒண்ணரை கன மீட்டர் கிட்ட சுருங்கிடும். 800 மீட்டர விட ஆழம் கம்மியான எடத்துல பொதுவா ஏன் யாரும் தள்ளறதில்லன்னா இதனால தான்.

ஆனா சுருங்குனாலும் அது சுத்தி இருக்கற உப்புத்தண்ணிய விட லேசு, அதனால எப்பவும் மேல ஏறத்தான் பாக்கும். மூடி பாறைல முட்டி, அதுக்கு கீழ மெல்லிசா தோசை மாதிரி பரவும். இது திரவக் கழிவுக்கும் சில சமயம் பொருந்தும், அத யாரும் யோசிக்கறதில்ல. ஃப்ளோரிடாவுல சுத்திகரிச்ச சாக்கடைத் தண்ணிய போல்டர் ஸோன்னு சொல்ற குகை குகையா இருக்கற உப்புத்தண்ணி அடுக்குக்கு அனுப்பறாங்க, சாக்கடைத் தண்ணி நல்ல தண்ணி மாதிரி தான், உப்புத்தண்ணிய விட லேசு, சில இடத்துல அது மெதுவா மேல ஏறி கண்காணிப்பு கிணத்துல தென்பட்டுச்சு. அதனால கழிவோட அடர்த்தி, அடுக்குல இருக்கற தண்ணியோட அடர்த்தி, ரெண்டையும் முதல் நாளே ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.

எவ்ளோ பரவும்னு மனக்கணக்கு போடலாம். ஒரு நாளைக்கு 500 கன மீட்டர் கழிவு, 20 வருஷம், அடுக்கு 30 மீட்டர் தடிமன், அதுல அஞ்சுல ஒரு பங்கு துளை. மொத்தம் 36 லட்சம் கன மீட்டர் சொச்சம், கிணத்துல இருந்து எல்லா பக்கமும் சுமாரா 440 மீட்டர் போற ஒரு வட்டம். இவ்ளோதானான்னு தோணும். ஆனா அழுத்தம் அந்த வட்டத்தோட நிக்காது, கழிவு அரை கிலோமீட்டர் போற நேரத்துல அழுத்தம் பத்து இருபது கிலோமீட்டர் கூட போயிருக்கும். கழிவு எங்க போகும்னு மட்டும் மேப் போட்டுட்டு அழுத்தம் எங்க போகும்னு மேப் போடாம வர்ற ரிப்போர்ட்ட பாத்தா அத அப்படியே திருப்பி அனுப்பிடுங்க.

நார்வே கதைய எடுத்துக்கோங்க, ஒரே நாடு, ஒரே கம்பெனி, கடல்ல இருக்கற ரெண்டு எரிவாயு வயல். ஸ்லைப்னர்ல 1996ல இருந்து எரிவாயுவோட கலந்து வர்ற சிஓடூவ பிரிச்சு கடலுக்கு அடியில உட்சிராங்கற மணல் அடுக்குக்கு அனுப்பறாங்க, ஆரம்ப வருஷங்கள்ல வருஷத்துக்கு பத்து லட்சம் டன் கிட்ட, அது அவ்ளோ பெரிய அடுக்கு, அழுத்தம் ஏறுன மாதிரியே தெரியல. ஸ்னோவிட்ல 2008ல ஆரம்பிச்சாங்க, அந்த அடுக்கு கட்டம் கட்டமா அடைபட்டு இருந்துருக்கு, மூணு வருஷத்துல அழுத்தம் எல்லைய நெருங்கிடுச்சு, 2011ல அதே கிணத்துல வேற அடுக்குக்கு மாத்த வேண்டியதா போச்சு. ஸ்லைப்னர்ல கிடைச்ச அனுபவம் முழுக்க கையில இருந்தும் இப்படி. அடுத்த அடுக்குக்கு மாறுறதுக்கு வழி வச்சு கிணறு போட்டிருந்தாங்களே, அத பாராட்டணும். நீங்களும் ப்ளான் பி அடுக்கு ஒண்ண ஆரம்பத்துலயே குறிச்சு வைங்க. இல்லன்னா இன்னொரு வழி இருக்கு, அடுக்குல இருந்து உப்புத்தண்ணிய வெளிய எடுத்து அழுத்தத்த கொறைக்கறது. ஆஸ்திரேலியாவுல கோர்கன்ல அப்படித்தான் டிசைன், அந்த தண்ணி எடுக்கற கிணறுகளே தகராறு பண்ணி, திட்டமிட்ட அளவு சிஓடூவ தள்ள முடியாம போச்சு. எடுக்கற தண்ணிய எங்க விடுவீங்கங்கறது வேற தனி தலைவலி.

கீழ இருக்கறத பாக்கணும்னு சொன்னேன்ல

இதுல கொஞ்சம் நிதானமா நிக்கணும். கொலராடோ மாநிலத்துல டென்வர் பக்கத்துல அமெரிக்க ராணுவத்தோட ரசாயன ஆயுத ஆலை ஒண்ணு, ராக்கி மவுண்டன் ஆர்சனல்னு பேரு. 1961ல 3,671 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு போட்டு, 1962 மார்ச்ல கழிவ தள்ள ஆரம்பிச்சாங்க, அதுவும் அடிப்பாறைல, விரிசல் விட்ட கெட்டிப் பாறைல. ஏப்ரல்ல நிலநடுக்கம் ஆரம்பிச்சிருச்சு. யாரும் முடிச்சு போடல. 1965ல டேவிட் எவன்ஸ்ங்கற புவியியலாளர் மாசாமாசம் எவ்ளோ தள்ளுனாங்க, எத்தன நடுக்கம் வந்துச்சுன்னு ரெண்டையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வரைஞ்சு காட்டினார், ரெண்டும் சேந்து ஏறி சேந்து எறங்குச்சு. 1966 பிப்ரவரில நிறுத்திட்டாங்க. இதுக்கு அப்புறம் தான் முக்கியமான விஷயம்: அந்த தொடர்லயே பெரிய நடுக்கம் வந்தது 1967 ஆகஸ்ட்ல, நிறுத்தி ஒண்ணரை வருஷம் கழிச்சு. பம்ப ஆஃப் பண்ணா அழுத்தம் ஆஃப் ஆகாது, அது பாட்டுக்கு பரவிக்கிட்டே தான் இருக்கும், அடுத்த பிளவ தேடிக்கிட்டு.

ஏன் நடுங்குது? பாறைல ஏற்கனவே பிளவு இருக்கு, ரெண்டு பக்கமும் மேல இருக்கற எடை இறுக்கி புடிச்சிருக்கு, நழுவ துடிச்சுக்கிட்டு இருக்கும், ஆனா உராய்வு விடாது. அந்த பிளவுக்குள்ள இருக்கற தண்ணியோட அழுத்தம் ஏறுனா புடி தளரும், நழுவும். கொலராடோவுலயே ரேஞ்ச்லி எண்ணெய் வயல்ல 1969ல இருந்து 1973 வரைக்கும் வேணும்னே அழுத்தத்த ஏத்தி எறக்கி பாத்தாங்க, ஏத்துனா நடுக்கம், எறக்குனா அமைதி, ஸ்விட்ச் போட்ட மாதிரி. இவ்ளோ தெரிஞ்சும் ஓக்லஹோமாவுல என்னாச்சுன்னா, எண்ணெயோட வந்த உப்புத்தண்ணிய ஆர்பக்கிள்ங்கற அடுக்குக்கு அளவே இல்லாம தள்ளுனாங்க, அது நேரா அடிப்பாறை மேல உக்காந்திருக்கு. 2009க்கு முன்னாடி வருஷத்துக்கு 3 ரிக்டருக்கு மேல ஒண்ணு ரெண்டு வந்த இடத்துல 2015ல மட்டும் 900ஐ தாண்டுச்சு. 2016 செப்டம்பர்ல அங்க பானிங்கற ஊர் பக்கத்துல 5.8. தள்ளுற அளவ கொறைக்க சொல்லி உத்தரவு போட்டு, அளவு கொறைஞ்சப்புறம் தான் எண்ணிக்கை எறங்குச்சு.

அதனால செய்ய வேண்டியது என்னன்னா, நீங்க எடுக்கற அடுக்குக்கும் அடிப்பாறைக்கும் நடுவுல ஒரு தடுப்பு அடுக்கு இருக்கற மாதிரி பாருங்க, முடியலன்னா அடுக்கோட மேல் பகுதில தள்ளுங்க. இல்லினாய்ஸ்ல டிகேட்டர்ல 2011 முதல் 2014 வரைக்கும் பத்து லட்சம் டன் சிஓடூவ மவுண்ட் சைமன் மணல்கல்லோட அடிப்பகுதில தள்ளுனப்போ ஆயிரக்கணக்குல குட்டி குட்டி அதிர்வுகள் பதிவாச்சு, யாருக்கும் உணர்ற அளவுக்கு இல்ல, ஆனா கருவில பதிவாச்சு. அடுத்த கிணத்துல அதே அடுக்குல கொஞ்சம் மேல தள்ளுனாங்க, அதிர்வு நல்லா கொறைஞ்சிருச்சு. அப்புறம் நடுக்கத்த அளக்கற கருவிய இன்ஜெக்ஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, கொறஞ்சது ஒரு வருஷம் முன்னாடி. பின்னாடி நடுக்கம் வந்தா இது ஏற்கனவே இங்க இருந்ததா நம்மளால வந்ததான்னு சொல்ல வேற வழி கிடையாது. குடிநீர் கிணத்து தண்ணி டெஸ்டும் அதே மாதிரி முன்னாடியே எடுத்து வச்சிடணும்.

பழைய கிணறு

இந்த தொழில்ல லீக் ஆச்சுன்னா மூடி பாறை உடைஞ்சு லீக் ஆனதா கேள்விப்படறது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் யாரோ எப்பவோ போட்டு கைவிட்ட ஒரு துளை வழியா தான் போகும். மூடி பாறைய கோடி வருஷம் இயற்கை கட்டி வச்சிருக்கும், அதுல ஒருத்தர் ஊசி குத்திட்டு போயிருப்பார். அல்ஜீரியாவுல இன் சாலாவுல 2004ல இருந்து சிஓடூ தள்ளுனாங்க, 2007ல பழைய ஆய்வு கிணறு ஒண்ணுல வாயு வந்து நின்னுச்சு, கண்டுபிடிச்சு அடைச்சாங்க.

அதனால அழுத்தம் தொடுற வட்டம் முழுக்க பழைய கிணறு தேடணும். முதல்ல அரசாங்க ரெக்கார்ட், அப்புறம் பழைய மேப், பழைய வான்வழி போட்டோ, அப்புறம் காந்தமானிய கட்டிக்கிட்டு பறந்து பாக்கறது, கிணத்து உள்சுவரா எறக்கற இரும்புக் குழாய், அதாவது கேசிங், இருந்தா காட்டி குடுத்துடும். கேசிங்க உருவிட்டு போயிருந்தா காட்டாது, அதனால ஊர்ல வயசானவங்க கிட்ட போய் கேக்கறது நெஜமாவே ஒரு வேலை, சிரிக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஆழம் என்ன, உங்க மூடி பாறைய துளைச்சிருக்கா, சிமெண்ட் எங்கெங்க போட்டாங்க, இத எழுதணும். துளைச்சிருந்து சரியா அடைக்கலன்னா நீங்க தான் திறந்து அடைக்கணும், பணம் உங்க பாக்கெட்ல இருந்து. இருபது பழைய கிணறு இருந்தா இடத்த மாத்துறது மலிவு.

கிணறு கட்டுறது

குழாய்க்குள்ள குழாய், அதுக்குள்ள குழாய். முதல்ல அகலமா ஒரு துளை, குடிநீர் அடுக்கெல்லாம் தாண்டி கீழ வரைக்கும், அதுல இரும்பு கேசிங் எறக்கி பாறைக்கும் கேசிங்குக்கும் நடுவுல அடியில இருந்து தரை வரைக்கும் சிமெண்ட். அப்புறம் அதுக்குள்ள இருந்து ஆழமா போயி அடுக்கு வரைக்கும் ரெண்டாவது கேசிங், அதுக்கும் தரை வரைக்கும் சிமெண்ட். அதுக்குள்ள டியூபிங், கழிவோ சிஓடூவோ இது வழியா மட்டும் தான் போகணும். டியூபிங்கோட அடியில பேக்கர், ரப்பர் சீல் மாதிரி. டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் நடுவுல இருக்கற சந்துக்கு அனுலஸ்னு பேரு, அதுல அரிப்பு தடுக்கற திரவத்த நெரப்பி வைப்பாங்க.

இந்த அனுலஸ் தான் உங்க அலாரம். அதுல அழுத்தத்த டியூபிங்க விட கொஞ்சம் அதிகமாவே வச்சிடுங்க. ஏன்னா டியூபிங்ல ஓட்டை விழுந்தா கழிவு வெளிய வராது, அனுலஸ் திரவம் உள்ள போகும், மீட்டர்ல உடனே தெரியும். எவ்ளோ எளிமையான ஐடியா பாருங்க.

சிமெண்ட் போட்டா போதாது, ஒட்டிச்சான்னு பாக்கணும், அதுக்கு பாண்ட் லாக்னு ஒலி அனுப்பி பாக்கற முறை இருக்கு. ரிசல்ட் சுமாரா வந்தா, பரவால்ல ஓட்டிக்கலாம்னு காண்ட்ராக்டர் சொல்லுவார். ஓட்டாதீங்க. ரிக் நிக்கும்போது திருப்பி சிமெண்ட் அடிக்கறது தான் சுலபம்.

சிஓடூன்னா மெட்டீரியல் மாறும். காஞ்ச சிஓடூ இரும்ப ஒண்ணும் பண்ணாது, தண்ணியோட சேந்தா கார்பானிக் ஆசிட் ஆகி அரிக்கும். அதனால அனுப்பறதுக்கு முன்னாடி நல்லா காய வைக்கணும், அடுக்க தொடுற பகுதில குரோமியம் கலந்த ஸ்டீலும் ஆசிட் தாங்கற சிமெண்டும் போடணும். இதே கவனம் கண்காணிப்பு கிணத்துக்கும் வேணும், அத நெறைய பேரு ரெண்டாம் பட்சமா பாக்கறாங்க. மேல சொன்ன அதே டிகேட்டர்ல, கண்காணிப்பு கிணத்துல அரிப்பு வந்து திரவம் மேல் அடுக்குக்கு போனது 2024ல வெளிய வந்துச்சு. காவலுக்கு வச்ச கிணறே வழி விட்டுருச்சு.

எவ்ளோ அழுத்தம் வரைக்கும் போகலாம்

கிணறு போட்டதும் ஸ்டெப் ரேட் டெஸ்ட் பண்ணுங்க. கொஞ்சமா தள்ளி அழுத்தம் பாக்கறது, அப்புறம் கொஞ்சம் கூட்டி, அப்புறம் கூட்டி. கிராஃப்ல கோடு ஒரே சாய்வுல போயிட்டு இருக்கும், ஒரு எடத்துல மடங்கும், அங்க பாறை கிழிய ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். ஆறாம் கிளாஸ் விதில அந்த அழுத்தத்துல 90 சதவீதத்த தாண்டக்கூடாது.

ஒரு உதாரணம் போடுவோம். 1500 மீட்டர் ஆழம், அங்க இயல்பா இருக்கற அழுத்தம் சுமார் 155 பார், பாறை 240 பார்ல கிழியுதுன்னு டெஸ்ட்ல வந்துச்சு. 90 சதவீதம்னா 216. ஆக உங்களுக்கு இருக்கற இடைவெளி 60 பார் தான், 20 வருஷத்துக்கும் சேத்து. மேல பம்ப்ல எவ்ளோ காட்டும்? தண்ணி மாதிரி கழிவுன்னா 1500 மீட்டர் தண்ணி தூணோட எடையே 147 பார் குடுத்துடும், அதனால மேல 69 பார தாண்டக்கூடாது. சிஓடூ லேசு, அதோட தூண் சுமார் 103 பார் தான் குடுக்கும்னு வச்சா மேல 113 பார் வரைக்கும் போகலாம். உராய்வு இழப்ப நான் சேக்கல, அது தனி. ஆனா மேல் மீட்டர மட்டும் நம்பாதீங்க, அடியில ஒரு கேஜ் வைங்க, சிஓடூவோட அடர்த்தி வெப்பத்துக்கு தகுந்த மாதிரி மாறிக்கிட்டே இருக்கும், மேல் கணக்கு ஏமாத்திடும். ஜில்லுனு சிஓடூ போனா சுத்தி இருக்கற பாறை குளிர்ந்து சுருங்கி, கிழியற அழுத்தமும் எறங்கும், இதையும் எல்லைல கழிக்கணும்.

சரக்க தயார் பண்றது

கழிவ அப்படியே தள்ளுனா ரெண்டு மாசத்துல கிணறு அடைச்சுக்கும். பாறைத் துளை தலைமுடி தடிமன விட சின்னது, அதுல சேறும் தூசியும் போனா அவ்ளோதான். ஃபில்டர் பண்ணணும், எண்ணெய் பிரிக்கணும், கிருமி வளராம பாக்கணும். அடுக்குல இருந்து எடுத்த தண்ணியையும் கழிவையும் ஒரு பாட்டில்ல கலந்து, கீழ இருக்கற சூட்டுல வச்சு பாருங்க. வெள்ளையா படிஞ்சா பேரியம் சல்ஃபேட் மாதிரி ஏதாவது இருக்கும், ஒருக்கா பாறைல படிஞ்சா ஆசிட் ஊத்துனா கூட கரையாது. பாறைல களிமண் இருந்து நீங்க நல்ல தண்ணி மாதிரி ஒண்ண தள்ளுனா களிமண் ஊதி துளைய அடைக்கும். ஆசிட் கழிவ சுண்ணாம்புக்கல்லுல தள்ளுனா உள்ள சிஓடூ வாயு உருவாகி கிணறு திரும்ப கக்கவும் வாய்ப்பு இருக்கு. இந்த பாட்டில் டெஸ்டுக்கு ஆகற செலவு ஒண்ணுமே இல்ல, இத விட்டுட்டு கோடிக்கணக்குல கிணறு போடறவங்கள என்ன சொல்றது.

சிஓடூவுல அடைப்பு வேற மாதிரி வரும். காஞ்ச வாயு கிணத்த சுத்தி இருக்கற உப்புத்தண்ணிய உறிஞ்சி காய வச்சிடும், உப்பு அங்கயே படிஞ்சிடும். ஸ்னோவிட்ல ஆரம்பத்துல அழுத்தம் ஏறுனதுக்கு இதுவும் ஒரு காரணம், கிளைகால்ங்கற (glycol) ரசாயனம் கலந்த திரவத்த விட்டு கரைச்சாங்க.

ஓட ஆரம்பிச்சப்புறம்

தினமும் பாக்க வேண்டியது மூணு: தள்ளுற வேகம், அடி அழுத்தம், அனுலஸ் அழுத்தம். இதுல வேகம் அப்படியே இருந்து அழுத்தம் மெதுவா ஏறுனா, ஒண்ணு கிணறு அடுக்க தொடுற வாயில அடைப்பு, இல்லன்னா அடுக்கோட சுவர் எங்கயோ முட்டுது. எதுன்னு தெரிய வருஷத்துக்கு ஒருக்கா பம்ப நிறுத்திட்டு அழுத்தம் எப்படி எறங்குதுன்னு பாருங்க, ஃபால் ஆஃப் டெஸ்ட்டுன்னு பேரு. சட்டுனு விழுந்து அப்புறம் மட்டமா நின்னா வாயில அடைப்பு, கழுவுனா போயிடும். மெதுவா எறங்கி பழைய எடத்துக்கு வராம நின்னா அடுக்கு நெறையுதுன்னு அர்த்தம், கழுவி பிரயோஜனம் இல்ல. வேகம் அப்படியே இருந்து அழுத்தம் திடீர்னு *எறங்குனா* தான் ஓடிப்போய் பாக்கணும், சரக்குக்கு புது வழி கிடைச்சிருக்கு.

நடுக்கத்துக்கு டிராஃபிக் லைட் முறை வைப்பாங்க, பச்சைன்னா ஓட்டு, மஞ்சள்னா கொறை, சிவப்புன்னா நிறுத்து. டென்வர ஞாபகம் வச்சுக்கிட்டு மஞ்சள ரொம்ப கீழயே வைங்க, சிவப்புல நிறுத்துனா லேட்.

சிஓடூ எங்க போகுதுன்னு பாக்க ஸ்லைப்னர்ல சில வருஷத்துக்கு ஒருக்கா நில அதிர்வு ஸ்கேன் எடுக்கறாங்க. தள்ள ஆரம்பிச்சு மூணு வருஷத்துல, 1999 ஸ்கேன்லயே, நடுவுல இருந்த மெல்லிசான களி அடுக்கையெல்லாம் தாண்டி மேல் மூடி பாறை வரைக்கும் வந்துருச்சு, ஒன்பது தட்டா அடுக்கி வச்ச மாதிரி. நெனச்சத விட வேகம், ஆனா மூடி பாறை அதோட நிறுத்திடுச்சு. இன் சாலாவுல செயற்கைக்கோள் ரேடார் வச்சு பாத்ததுல கிணத்துக்கு மேல தரை வருஷத்துக்கு 5 மில்லிமீட்டர் மாதிரி எழும்புறது தெரிஞ்சுது, பாலைவனம்ங்கறதால தெளிவா தெரிஞ்சுது. மூடி பாறைக்கு ஆபத்து வருமோன்னு 2011ல நிறுத்திட்டாங்க, அதுக்குள்ள 38 லட்சம் டன் கிட்ட போயிருந்துச்சு. காடும் வயலும் இருக்கற எடத்துல இந்த முறை அவ்ளோ சுத்தமா வேலை செய்யாது.

நாள் ஆக ஆக சிஓடூ பத்திரமாகும், இது கழிவுக்கு இல்லாத சௌகரியம். கொஞ்சம் துளைக்குள்ளயே சொட்டு சொட்டா மாட்டிக்கும், கொஞ்சம் தண்ணில கரைஞ்சு கனமாகி கீழ எறங்கும், ரொம்ப காலம் கழிச்சு கல்லாவே மாறும். ஐஸ்லாந்துல ஹெல்லிஷெய்தில இந்த கல்லாகறத வேகமாக்கி காட்டுனாங்க, 2012ல சிஓடூவ தண்ணில கரைச்சு எரிமலைப் பாறைல விட்டாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ள 95 சதவீதம் கல்லாயிடுச்சுன்னு 2016ல ரிசல்ட் வந்துச்சு. கேக்க நல்லா இருக்கு, ஆனா ஒரு டன்னுக்கு 25 டன் கிட்ட தண்ணி வேணும், அந்த மாதிரி பாறையும் வேணும், மணல்கல்லுல இது நடக்காது.

மூடுறது

கடைசில அழுத்தம் எறங்கற வரைக்கும் காத்திருந்து, டியூபிங்கையும் பேக்கரையும் உருவி, கிணத்த நல்லா கழுவி, அடுக்குக்கு நேரா, மூடி பாறைக்கு நேரா, குடிநீர் அடுக்குக்கு கீழ, தரைக்கிட்டன்னு சிமெண்ட் அடைப்பு போடணும். ஒவ்வொரு அடைப்பையும் மேல எடை வச்சு, அழுத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு தான் அடுத்தது. அப்புறம் கேசிங்க தரைக்கு கீழ வெட்டி பிளேட் வெல்டிங். ஆறாம் கிளாஸ்ல தள்ளுறத நிறுத்துனதுல இருந்து 50 வருஷம் கண்காணிப்பு சாதாரண கணக்கு, ஆபத்து இல்லன்னு நிரூபிச்சா கொறைக்கலாம். ஆபத்தான திரவக் கழிவுக்கு இன்னும் கறார், 10,000 வருஷத்துக்கு அடுக்க விட்டு வெளிய வராதுன்னு மாடல் போட்டு காட்டுனா தான் தள்ளவே விடுவாங்க. 50 வருஷத்துக்கு யாரு சம்பளம் குடுப்பா, கம்பெனி இருக்குமான்னு கேளுங்க, அந்த பணத்த ஆரம்பத்துலயே தனியா பூட்டி வைக்க சொல்லுங்க.

ரெக்கார்ட ஒரே எடத்துல வைக்காதீங்க. கிணத்தோட கோஆர்டினேட், ஒவ்வொரு கேசிங்கோட ஆழம், சிமெண்ட் அடைப்பு எங்க இருந்து எது வரைக்கும், என்ன தள்ளுனீங்க, மொத்தம் எவ்ளோ, மூடும்போது அடி அழுத்தம் எவ்ளோ இருந்துச்சு, இத்தனையும் நில ரெக்கார்ட்லயும் ஏறணும், கிணத்து ரெக்கார்ட் வச்சிருக்கற அரசு ஆபீஸ்லயும் இருக்கணும். இன்னும் அறுபது வருஷம் கழிச்சு காந்தமானிய கட்டிக்கிட்டு ஒருத்தர் அந்த வயல் மேல பறப்பார், அவர் தேடிட்டு வர்ற பழைய கிணறு உங்களோடது.